நீ விட்டுப்போன நோட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. போன் பண்ணினால் "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்கிறாய். உன் அப்புறம் எத்தனை மணிக்கு வரும் என்று தெரியாமல் போனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிப் பழகிவிட்டேன். கடிதம் என்றால் கட் பண்ண முடியாது. கிழிப்பதாக இருந்தாலும் ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்துதான் கிழிக்க வேண்டும். அதனால் நேற்று பால்வாடி முடிந்து வரும்போது தபாலாபீசில் ஏறி கவர் வாங்கினேன். அங்கே இருக்கிற பையன் "லெட்டரா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தான்.

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கினால்தான் கடிதம் என்று அறிவொளி எழுத்தறிவு வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். இந்தத் தடவை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

கருப்பாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை. மேலவீட்டு அக்கா மகளுக்கு வைகாசியில் கல்யாணம். உனக்குத் தனியாக ஒரு பத்திரிகை வைப்பார்களாம். நான் எதுவும் சொல்லவில்லை, செய்தியாகத்தான் எழுதுகிறேன். சித்தி மகன் உன்னை சாலிகிராமத்தில் பார்த்தானாம், பகல் பதினோரு மணிக்கு, கையில் பால் பாக்கெட்டோடு. ஷூட்டிங் இருக்கிற ஆள் அந்த நேரத்தில் பால் வாங்குமா என்று சித்தி கேட்டாள். ஏன், வாங்கக்கூடாதா என்றேன். அதற்கு மேல் நான் யாரிடமும் கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை.

வளையல் விஷயம் கடைசியில் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தவள் மாட்டுப் பொங்கலன்றே கிளம்பினாயே, அந்த அவசரத்தில் பச்சை அட்டை நோட்டை டிவிக்குப் பின்னால் விட்டுப் போயிருக்கிறாய். ஒட்டடை அடிக்கும்போது கிடைத்தது. திறக்காமல் எடுத்துவைத்தேன் என்றால் நீ நம்ப மாட்டாய். முதல் பக்கத்தில் 'உஸ்மான் செம்பேன்' என்று எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். யாரோ பையன் பெயர் என்று நெஞ்சு திக்கென்றது. அடுத்த வரியில் 'பிறப்பு 1923' என்று இருந்தது. சரி, பயமில்லை என்று உட்கார்ந்து படித்தேன்.

மூன்று ராத்திரி படித்தேன் பாப்பா. உன் கையெழுத்து மருத்துவர் சீட்டு மாதிரி இருக்கிறது. இவ்வளவு அழகாக எழுதுகிறவள் இவ்வளவு அசிங்கமாக எழுதலாமா?

அந்த மனிதரை எனக்குப் பிடித்துவிட்டது. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டில் சிகின்ஷோர் என்ற ஊர், அப்பா மீன் பிடிக்கிறவர். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அடிக்க, இவர் திருப்பி அடிக்க, படிப்பு அதோடு சரி. டாக்கர் நகரத்தில் மெக்கானிக் வேலை, கொத்து வேலை. 1944-ல் பிரெஞ்சுக்காரன் பட்டாளம். சண்டை முடிந்து ஊர் திரும்பினால் பிழைப்பில்லை. 1947-ல் அங்கே ரயில்வேக்காரர்கள் மாதக்கணக்கில் வேலை நிறுத்தம் செய்திருக்கிறார்கள். அந்தக் காலத்திலேயே டிக்கெட் இல்லாமல் கப்பலேறி பிரான்சுக்குப் போயிருக்கிறார். முதலில் கார் கம்பெனி, அப்புறம் மார்செய் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை. அங்கே முதுகெலும்பு உடைந்து படுத்தவர், எழுந்த பிறகு சங்கத்து நூலகத்தில் கிடந்து படித்துப் படித்து, 1956-ல் துறைமுகக் கூலியைப் பற்றியே முதல் நாவல் எழுதிவிட்டார். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 'இவர் படித்த காலேஜ்: துறைமுகம்' என்று எழுதியிருக்கிறாய். எழுதுகிறவள்தான் நீ. ஒரு வரியில் பிடித்துவிடுகிறாய். அப்பத்தா இருந்தால் திருஷ்டி கழித்திருப்பாள்.

முதுகு என்றதும் ஞாபகம் வந்தது. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அந்தக் கட்டாந்தரையில் பாய் விரித்துப் படுக்காதே. மெத்தை வாங்கு. மெத்தைக்கு நான் பணம் தருகிறேன். மெத்தைக்குத்தான்.

இன்னொரு கணக்கும் போட்டேன். மூன்று நாவல் எழுதிப் பேர் வாங்கிய பிறகுதான் அவருக்கு உறைக்கிறது, பிரெஞ்சில் எழுதுவதைத் தன் சனங்கள் படிக்கப் போவதில்லை என்று. 1960-ல் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பி ஆற்றிலும் சாலையிலுமாகச் சுற்றியிருக்கிறார். அந்த ஊர்களில் எல்லாம் படிக்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான். படம் என்றால் எழுத்து தெரியாதவளும் பார்ப்பாளே என்று, 1962-ல் மாஸ்கோவுக்குப் போய் மார்க் தான்ஸ்கோய் என்ற இயக்குநரிடம் தொழில் கற்கிறார். அப்போது அவருக்கு 39 வயது. ஒரு வண்டிக்காரனை வைத்து எடுத்த முதல் படம் 1963-ல், 40 வயதில். உனக்கு 33. நாற்பதில் முப்பத்து மூன்று போனால் ஏழு. அதற்காக ஏழு வருஷம் பால் பாக்கெட் வாங்கு என்று அர்த்தமில்லை. அந்த மனிதர் நாற்பது வரைக்கும் மூட்டை தூக்கினார், புத்தகம் எழுதினார், சும்மா இருக்கவில்லை. நீயும் சும்மா இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை எழுதிவிடுகிறது.

அந்த வண்டிக்காரன் படத்தை மேலவீட்டுப் பெண் போனில் போட்டுக் காட்டினாள். 'போரோம் சாரெட்', இருபது நிமிஷம் இருக்கும். குதிரை வண்டி ஓட்டிப் பிழைக்கிறவன். காலையிலிருந்து ஏறுகிற ஆளில் பாதி காசு கொடுக்காத ஆள். கிடைத்த கொஞ்சத்தையும், இவன் பாட்டன் பெருமையைப் பாடுகிற ஒருத்தனுக்கு உச்சி குளிர்ந்து கொடுத்துவிடுகிறான். பணக்காரர்கள் இருக்கிற பக்கம் வண்டி போகக்கூடாதாம். ஒருத்தன் பேச்சை நம்பிப் போகிறான், போலீஸ்காரன் வண்டியைப் பிடுங்கிக்கொள்கிறான். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால், பெண்டாட்டி பிள்ளையை இவன் கையில் கொடுத்துவிட்டு, ராத்திரிக்குச் சாப்பாடு இருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போகிறாள். எங்கே போகிறாள் என்று காட்டவில்லை. மேலவீட்டுப் பெண் "எங்கே பெரியம்மா போறாங்க?" என்றாள். எனக்குத் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. பேசாமல் போனைக் கொடுத்துவிட்டேன்.

பணத்துக்கு அவர் பட்ட பாட்டை நீயே எழுதி வைத்திருக்கிறாய். ஆப்பிரிக்காவில் படம் எடுப்பதை, குடித்துப் போட்ட சிகரெட் துண்டுகளைப் பொறுக்குகிற வேலை என்று சொல்வாராம். அதற்கு ஒரு பிரெஞ்சு வார்த்தையே உண்டாக்கிவிட்டாராம். அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் பொறுக்கித்தான் ஒவ்வொரு படமும். நன்றாகக் கவனி, பொறுக்கினார். அம்மா கையில் இருக்கிற வளையலைக் கழற்றினார் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. சொந்தக் காசைப் போட்டுப் படம் எடுக்காதே பாப்பா. கடன் வாங்கியும் எடுக்காதே. குறும்படம்தானே, மூன்று நாள்தானே என்கிறாய். உங்கள் அப்பாவும் ஒரு லாரிதானே, ஒரே வருஷம்தானே என்றுதான் ஆரம்பித்தார். சரி, அதை விடு.

'மந்தாபி' படத்தையும் பார்த்தேன். அவர்கள் பேசுகிற வோலோஃப் பாஷையிலேயே 1968-ல் எடுத்த படம். பாரீசில் தெருக்கூட்டுகிறவன் டாக்கரில் இருக்கிற தாய்மாமனுக்கு 25,000 பிராங்குக்கு மணியார்டர் அனுப்புகிறான். அதை வாங்கப் போனால் அடையாள அட்டை கேட்கிறார்கள். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ், போட்டோ. எந்த வருஷம், எந்த மாதம் பிறந்தாய் என்கிறான் ஆபீஸ்காரன், அந்த மனிதருக்குத் தெரியவில்லை. நான் சிரித்தேன் பார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குவைத்திலிருந்து நான் அனுப்பிய முதல் டிராப்டை வைத்துக்கொண்டு அப்பத்தா பேங்குக்கு நடந்த நடை ஞாபகமிருக்கிறதா? உன்னைத்தானே கையில் பிடித்துக்கொண்டு போனாள். ரேஷன் கார்டில் ஒரு பெயர், டிராப்டில் ஒரு பெயர். மேனேஜர் கேட்ட கேள்விக்கு, "எம்மகன் பொண்டாட்டி அனுப்புனது, இந்தா அவ பெத்த புள்ள, சாட்சி போதாதா" என்று உன்னைக் கவுன்ட்டர் மேல் தூக்கி வைத்தாளாம். நான் ஊருக்கு வந்து ஆறு மாதம் கழித்துத்தான் யாரோ சொல்லித் தெரியும். அந்த மாதிரி ஒரு காட்சி இந்தப் படத்தில் இல்லை. உன் படத்தில் வை.

பாதிப் படத்தைத் தடை செய்தார்கள், மீதியை வெட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். 'ஹாலா' படத்தைப் பற்றி நீ எழுதியிருப்பதையெல்லாம் அம்மா மகளிடம் பேச முடியாது. ஆனால் வெட்டிய இடங்களில் என்ன இருந்தது என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தாராமே, கெட்டிக்காரர். 'செட்டோ' படத்துக்கு வந்த வம்புதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பெயரில் ஒரு எழுத்தை ஒரு தடவை போட வேண்டுமா, இரண்டு தடவையா என்று ஜனாதிபதியே சண்டைக்கு வந்திருக்கிறார். அந்த ஜனாதிபதி செங்கோர் பெரிய கவிஞராம். இவர் ஒரு எழுத்தைக் குறைக்க மாட்டேன் என்றதில் படம் வருஷக்கணக்கில் அந்த நாட்டில் ஓடவில்லை. உண்மைக் காரணம் எழுத்து இல்லை, படத்தில் மதத்தைப் பற்றிச் சொன்னதுதான் என்றும் எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். எனக்கு 'கறுப்பு' என்பதில் எந்த ர, எந்த ற என்று இன்றைக்கும் குழப்பம் உண்டு, அறிவொளி டீச்சரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். ஒரு எழுத்துக்காக ஒரு மனிதர் அத்தனை வருஷம் நின்றார் என்பது என்னமோ செய்தது.

சம்பள பாக்கி கேட்ட சிப்பாய்களைச் சுட்ட கதையும் அப்படித்தான். தியாரோய் முகாம், 1944 டிசம்பர் 1. ஜெர்மன்காரனிடம் சிறைப்பட்டு மீண்டு வந்தவர்கள், பாக்கியைக் கொடு என்று கேட்டதற்கு அவர்கள் யாருக்காகச் சண்டை போட்டார்களோ அந்த பிரெஞ்சுக்காரனே சுட்டான். அதைப் படமாக எடுக்க இவருக்கு 1988 வரைக்கும் ஆகியிருக்கிறது. சம்பள பாக்கி என்ற வார்த்தையைப் படித்ததும் நோட்டை மூடிவிட்டேன். எனக்கும் மூன்று மாதப் பாக்கி அங்கே நிற்கிறது. 105 தினார்.

கடைசிப் படம் 'மூலாதே', 81 வயதில். சின்னப் பெண்பிள்ளைகளுக்குச் சடங்கு என்ற பெயரில் உடம்பில் கத்தி வைக்கிற கொடுமை. நாலு பிள்ளைகள் ஓடி வந்து ஒருத்தியிடம் அடைக்கலம் கேட்க, அவள் வாசலில் ஒரு கயிற்றைக் கட்டிவிடுகிறாள். அந்தக் கயிற்றை ஊர் ஆம்பளைகள் ஒருத்தர்கூடத் தாண்ட முடியவில்லை. பெண்களுக்கு விவரம் தெரிந்துவிடக்கூடாது என்று அவர்கள் ரேடியோக்களையெல்லாம் பிடுங்கி மசூதி வாசலில் குவித்துக் கொளுத்துகிறார்கள். குவியலில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டே இருக்கிறது. கண் சரியாகத் தெரியாத வயதில் இப்படி ஒரு படம். மூன்று வருஷம் கழித்து 2007-ல் போய்விட்டார். சாமோரி என்ற பழைய ராஜாவைப் பற்றிப் பெரிய படம் எடுக்க வேண்டும் என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம், அது மட்டும் நடக்கவில்லை. அதற்குக் கீழே நீ ஒரு கேள்விக்குறி போட்டு, பேனா முனை கிழிக்கிற அளவுக்கு அழுத்தியிருக்கிறாய். அடுத்த பக்கத்துக்கெல்லாம் தடம் இறங்கியிருக்கிறது. அதைத் தடவிப் பார்த்தேன்.

ஊர் ஊராகப் போய்ப் படத்தைப் போட்டுவிட்டுச் சனங்களோடு உட்கார்ந்து பேசுவாராம். சினிமா எங்கள் இராப்பள்ளி என்பாராம். நானும் இராப்பள்ளிக்காரிதான் என்று அவர் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். 1991-ல் மாரியம்மன் கோயில் மேடையில், ராத்திரி ஏழு மணிக்கு, நீ வயிற்றில் இருக்கும்போதுதான் அம்மா 'அ' எழுதினேன். புதுக்கோட்டை ஜில்லா முழுக்கப் பொம்பளைகள் சைக்கிள் ஓட்டினோம். நான் மட்டும் உன்னைச் சுமந்துகொண்டிருந்ததால் சைக்கிளைப் பிடித்து நடந்தேன். கைநாட்டை ஒழிப்போம் என்று பாட்டு பாடினோம்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால்.

பொங்கலன்று ராத்திரி நீ லேப்டாப்பில் போட்ட படத்துக்கு நான் இன்னும் வரவில்லை. 'லா நுவார் தெ'. 1966-ல் வந்து ழான் விகோ விருது வாங்கிய படம், சகாராவுக்குத் தெற்கே ஒரு கறுப்பர் எடுத்த முதல் முழுப்படம் என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறாய். "அம்மா, உனக்குத்தான் காட்டணும்னு வச்சிருக்கேன்" என்று பக்கத்தில் உட்கார வைத்தாய். நானும் முறுக்கு மாவு கையோடு உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் டியுவானா. டாக்கரில் பார்த்த அதே பிள்ளை பார்க்கிற வேலைதான் என்று நம்பி, அந்த வெள்ளைக்காரக் குடும்பம் கூப்பிட்டதும் பிரான்சுக்குப் போகிறாள். போனால் பிள்ளைகள் இல்லை, சமையலும் கழுவலும்தான். நல்ல கவுனும் ஹீல்ஸும் போட்டு வேலை செய்கிறாள், எஜமானி செருப்பைக் கழற்று என்கிறாள். அந்த இடத்தில் நீ என் காலைப் பார்த்தாய், நான் கவனித்தேன். ஜன்னலுக்கு வெளியே பிரான்ஸ் இருக்கிறது, அவளுக்கு அடுப்படிதான் பிரான்ஸ். எனக்கும் குவைத் என்றால் இரண்டு பாத்ரூம், ஒரு அடுப்படி, வாஷிங் மெஷின் இருக்கிற பின்கட்டு. 'பாபா', 'மாமா' என்று கூப்பிட வேண்டும். மாமா என்றால் வீட்டு எஜமானியம்மா. நம் ஊர் மாமாவை நினைத்துச் சிரிப்பை அடக்கியிருக்கிறேன். இதையெல்லாம் உனக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் ஊரிலிருந்து அவள் அம்மாவின் கடிதம் வருகிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, துரைதான் படிக்கிறான். பதிலும் அவனே எழுத ஆரம்பிக்கிறான். இவள் வாயே திறக்கவில்லை, அவன் பாட்டுக்கு இவளுக்காக எழுதுகிறான், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று. இது என் கடிதம் இல்லை என்று மனசுக்குள் சொல்கிறாள், கடிதத்தைக் கிழிக்கிறாள். நான் எழுந்து போய்விட்டேன். பாத்திரம் கிடக்கிறது என்றேன். பாத்திரம் எதுவும் கிடக்கவில்லை, நீயே காலையில் கழுவிக் கவிழ்த்திருந்தாய்.

குழாயடிக்கு வந்து நின்று, "அங்க உனக்கு என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டாய். ஒன்றும் நடக்கவில்லை என்றேன். நீ நம்பவில்லை. மறுநாள் பஸ் ஏறினாய். அன்றைக்கிருந்து உன் அப்புறம் ஆரம்பித்தது.

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை பாப்பா. அது சத்தியம். நீ பயந்த மாதிரி ஒன்றும் இல்லை. திட்டு, பட்டினி, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தது, அதெல்லாம் எல்லோருக்கும் இருந்தது.

மேல்மாடியில் மூத்த மகன் குடும்பம். அங்கே ஒரு பெண் வேலைக்கு வந்தாள், 2001-ல். விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமம். இருபத்திரண்டு வயதிருக்கும். பால்குடி மாறாத பிள்ளையை விட்டுவிட்டு வந்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் எல்லோரும் வெளியே போனால் ஒரு மணி நேரம் கிடைக்கும், அப்போது வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்காருவாள். "அக்கா, எங்கம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அறிவொளியில் படித்தவள் அல்லவா.

அவள் சொன்னதை இன்றைக்கும் வரி வரியாகச் சொல்வேன். "அம்மா, என்னால இங்க இருக்க முடியல. ராத்திரியில கதவைச் சாத்த முடியல. ஏஜெண்ட்டுகிட்ட போய் நில்லு, இருக்கிற ஆட்டை வித்தாவது என்னைக் கூப்பிட்டுக்க." சொல்லிவிட்டுத் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுதினேன். 'அன்புள்ள அம்மாவுக்கு, நான் இங்கு நலம். வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். அடுத்த மாதம் பணம் அனுப்புகிறேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும்.'

படித்துக் காட்டுங்கள் என்றாள். படித்துக் காட்டினேன். தாளைப் பார்த்துக்கொண்டே, அவள் சொன்னதைச் சொன்னேன். தாளில் இருந்ததைச் சொல்லவில்லை.

கையெழுத்துப் போடத் தெரியாது என்றாள். பால்பாயிண்ட் ரீபிளை வாயால் ஊதி நீல மையை வரவழைத்து, அவள் கட்டை விரலில் நான்தான் தடவினேன். சோப்புத் தண்ணீரில் ஊறி ரேகையெல்லாம் வெளுத்துப்போன விரல். அழுத்திப் பிடித்து வைத்தேன். நன்றாக விழுந்தது.

டிரைவர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பான், எஜமானுக்குச் சொல்லிவிடுவான், அவளுக்குத்தான் கெடுதல் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது, பொய் இல்லை. ஏஜெண்ட்டுக்கு வாங்கிய கடனில் பாதி நின்றது, எனக்கு இன்னும் இரண்டு வருஷம் அங்கே வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அவள் போய்விட்டால் மேல்மாடி வேலையும் என் தலையில்தான் விழும். அவள் வருவதற்கு முன்னால் எட்டு மாதம் இரண்டு மாடியும் நான்தான் பார்த்தேன். ராத்திரி ஒரு மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தேன். அந்த எட்டு மாதம் திரும்ப வரக்கூடாது என்று நினைத்தேன். மேல்மாடியில் யார் படுப்பது, யார் கதவைச் சாத்துவது என்பதையும் சேர்த்துத்தான் நினைத்தேன்.

இப்படி மூன்று கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்கு அவள் அம்மா யாரையோ பிடித்துப் பதில் எழுதியிருந்தார்கள். நீ நலமாக இருப்பது அறிந்து சந்தோஷம், கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும், பணம் சீக்கிரம் அனுப்பவும் என்று. நான்தான் படித்துக் காட்டினேன். அதை மாற்றிப் படிக்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டுவிட்டு, "அக்கா, நான் சொன்னது அதுல இருந்துச்சுல்ல?" என்றாள். "இருந்துச்சே" என்றேன். "அப்ப அம்மாவுக்குப் புரியல போல" என்றாள். அதற்கப்புறமும் இரண்டு தடவை நம்பி வந்து உட்கார்ந்தாள். அப்புறம் வரவில்லை. ஏழெட்டு மாதத்தில் அவளை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கும்போது கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு இரண்டு மாடியும் என்னிடம்தான் வந்தது.

உனக்கு நான் எழுதிய கடிதங்களை அப்பத்தா டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள், நீயும் பார்த்திருக்கிறாய். எல்லாவற்றிலும் 'நலம்' இருக்கும். அதே கை, அதே பேனா. நீ 'எங்கம்மா ஆறு வருஷம் கஷ்டப்பட்டவள்' என்று படம் எழுதியிருக்கிறாய். நோட்டின் பின்பக்கத்தில் இருந்ததையும் படித்துவிட்டேன், மன்னித்துவிடு. அதில் வருகிற அம்மா ரொம்ப நல்லவள். உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எடு. ஆனால் அந்த டியுவானாவின் இடத்தில் மட்டும் என்னை உட்கார வைத்துவிடாதே. அந்தப் படத்தில் நான் துரை இருந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

படத்தின் மீதியை மேலவீட்டுப் பெண்ணை விட்டுப் போடச் சொல்லி, அவளை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகப் பார்த்தேன். குளியல் தொட்டியில் அவள் தன்னை முடித்துக்கொண்டதைப் பார்த்தேன். கண்ணை மூடவில்லை. கடைசியில் துரை அவள் பெட்டியையும் சம்பளப் பணத்தையும் எடுத்துக்கொண்டு டாக்கருக்கு வருகிறான். பணத்தை நீட்டுகிறான். அந்த அம்மா வாங்காமல் திரும்பி நடக்கிறாள். பக்கத்தில் பைப்போடு நிற்கிற வாத்தியார் செம்பேனேதான் என்று நீ எழுதியிருந்ததால் அடையாளம் தெரிந்தது. சின்னப் பையன் ஒருத்தன் முகமூடியை மாட்டிக்கொண்டு துரை பின்னாலேயே வருகிறான். துரை திரும்பிப் பார்க்கிறான், நடக்கிறான், திரும்பிப் பார்க்கிறான், ஓடுகிறான். இருபது வருஷத்துக்கு மேல் எனக்கும் அப்படித்தான், கையில் தாளைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை.

அந்த முகவரி மனப்பாடமாக இருக்கிறது. மூன்று கவரில் எழுதிய கை அல்லவா. அவள் ஊர் திரும்பினாளா, இருக்கிறாளா, எதுவும் தெரியாது. போய்ப் பார்க்க வேண்டும் என்று ஊருக்கு வந்த வருஷமே நினைத்தேன். சர்க்கரை, பால்வாடி, உன் காலேஜ், அப்பத்தா சாவு என்று ஏதாவது ஒன்று சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன்.

தனியாகப் போக எனக்குத் தைரியமில்லை. பால்வாடிக்கு மே மாதம் லீவு விடுவார்கள். நீ வா. திருச்சி போய் விருத்தாசலம் பஸ் பிடிக்கலாம், அங்கிருந்து டவுன் பஸ் இருக்கும். வேலை இருந்தால் முடித்துவிட்டு வா, வேலை இல்லாவிட்டாலும் வா. எது என்று நான் கேட்க மாட்டேன்.

வளையலை எடுத்துக்கொண்டு போய் அவளிடம் கொடுக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்புறம் அந்த அம்மா திரும்பி நடந்தது ஞாபகம் வந்தது. வெறுங்கையோடு போவோம். வளையல் பற்றி வந்த பிறகு நீயும் நானும் பேசிக்கொள்ளலாம்.

கேமரா எடுத்து வராதே. இந்தத் தடவை வேண்டாம்.

அம்மா

நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மந்தாபி பக்கத்தில் மட்டும் கொஞ்சம் புளிக்குழம்பு பட்டுவிட்டது. துடைத்துவிட்டேன், எழுத்து தெரிகிறது.